முங்கின்

இரவு பத்துக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாதாம்.
சொல்லாவிட்டாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.
பதினோரு வாரமாக
"பசியாறியாச்சா?" என்று யார் கேட்டாலும்
ஆச்சு என்ற பொய்
வாயில் தயாராக இருக்கிறது.

"கோமளவல்லி அனாக் பெரெம்புவான் சன்னாசி!"
ரத்தம் எடுக்கும் நூர்ஹயாத்தி
என் பெயரை ஒரே மூச்சில் கடக்க முடியாமல்
நடுவில் ஒருமுறை கரையேறினாள்.
இடது கையில் நரம்பு ஒளிந்துகொண்டது.
வலது கையைத் தட்டினாள்,
சந்தையில் தெம்பிக்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல்.
மூன்று குழாய். மஞ்சள் மூடி, ஊதா மூடி,
மறுபடி ஊதா.
எட்டு முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி
என் பிறந்த தேதியை ஒட்டினாள்.

பாயான் லெப்பாசில் என் வேலையும் இதுதான்.
சிப்புகளை அடுப்பில் அடுக்கி
நூற்றி இருபத்தைந்து டிகிரியில்
நாற்பத்தெட்டு மணி நேரம் வாட்டி
சீக்கிரம் சாகப்போவது எது என்று
முன்கூட்டியே பிடித்துவிடுவோம்.
தேறாதது சிவப்புத் தட்டுக்கு.
பதினாறு வருஷத்தில்
அந்தத் தட்டை நான் உற்றுப் பார்த்ததில்லை.
நேரம் இருக்காது.

முதல் மாத்திரைக்கு ஆறு வாரம் காத்திருந்தோம்;
நாக்கு அட்டையானதுதான் மிச்சம்.
இரண்டாவதில்
கம்பெனி பஸ்ஸிலேயே தூங்கிப்போய்
பாலம் தாண்டி பிறையில் விழித்தேன்.
இனி கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டாம்,
எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்று
ரத்தம் கொஞ்சம் துப்புத் தரலாம் என்றார்
டாக்டர் கோர்.
ஆய்வுதான், கையெழுத்துப் போட்டால் போதும்.

"சர்க்கரை மாதிரியா?
மனசு ரத்தத்திலா தெரியும்?"
வீட்டுக்காரர் சிரித்தார்.
எனக்கு அது பிடித்திருந்தது.
ஓர் எண் கிடைத்தால் போதும்,
எண்ணைப் பார்த்து யாரும்
கோயிலுக்குப் போய்வா என்று சொல்ல மாட்டார்கள்.

என் அப்பா சன்னாசிக்கு
யாரும் ரத்தம் எடுக்கவில்லை.
ஒரு வருஷம் முழுக்க
சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார்.
சோம்பேறி என்று ஒரு சீட்டை
ஆளுக்கொரு கை பிடித்து ஒட்டினோம்.
எனக்கும் அப்போது கை இருந்தது.
பன்னிரண்டு வயது.

ஆய்வுத் தாளில் தமிழிலும் ஒரு பக்கம்.
*அழற்சி* என்று இருந்தது.
அழுகையோடு சேர்ந்த சொல் என நினைத்து
இரண்டு முறை படித்தேன்.
அழல்.
உள்ளே அணையாத நெருப்பாம்,
ரத்தத்தில் அதன் சாம்பலைத்தான் அளக்கிறார்களாம்.

அடுத்த செவ்வாய் எண் வந்தது.
நாலு புள்ளி ஏழு.
கூடுதல் என்றார், பயப்படும் அளவுக்கு இல்லை.
இப்படி உள்ளவர்களில் சிலருக்கு
வேறொரு மருந்து கேட்கிறதாம்.
சிலருக்கு என்பதை
விரலால் மேசையில் தொட்டுச் சொன்னார்.

எனக்குக் கேட்குமா, டாக்டர்?

"முங்கின்."

மலாயில், இருக்கலாம்.
அவருக்கு அது முழுப் பதில்.
என் காதில் அது
தண்ணீருக்குள் பாதியில் நின்றது.
முங்கின்,
முங்கினால்
என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல்
மருந்துச் சீட்டை நீட்டினார்.
ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்.

வெளியே வெயில்.
பஸ் நிறுத்தத்தருகே ரொட்டி சானாய் கடை.
மாவை வீசிக்கொண்டே கடைக்காரர் கேட்டார்,
"என்னக்கா, பசியாறியாச்சா?"

பொய் வாய்வரை வந்தது.
முழங்கை மடிப்பில் பஞ்சு இல்லை,
போன வாரத்து நீலம் மட்டும்
மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

இன்னும் இல்லை என்றேன்.

அவர் பெஞ்சை ஒருமுறை துடைத்து
இந்தப் பக்கம் உட்காருங்க,
அங்கே வெயில் அடிக்கும் என்றார்.