விலக்கு

நாற்பத்தொரு நிமிடமாக
போன் ஸ்பீக்கரில் கிடக்கிறது,
பக்கத்தில் பருப்பு வேகிறது.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்
என்கிறாள் ஒருத்தி.
இடையிடையே சாக்ஸபோன்.

சாட்ஸ்வொர்த், எதிர்ச் சரிவில்
யாரோ வீட்டுக் கூரையிலிருந்து
ஹடீடா ஒன்று கத்திவிட்டுப் பறக்கிறது.
அதற்கு எந்த வரிசையிலும் நிற்க வேண்டியதில்லை.

கடிதம் மேசையில்.
பக்கம் நான்கு, பிரிவு பதினொன்று.
மலட்டுத்தன்மைக்கு அவர்கள் வகுத்த இலக்கணம்:
பன்னிரண்டு மாதம்,
தடுப்பு ஏதுமின்றி, பலன் ஏதுமின்றி.
எங்களுக்கு எழுபத்தாறு.
மிச்சம் அறுபத்து நான்கை
எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

கண்டுபிடிக்கப் பணம் உண்டு.
இரத்தம் எடுக்க,
சாயம் ஏற்றிக் குழாயைப் பார்க்க,
தொப்புளருகே துளையிட்டுக் கேமரா நுழைக்க,
குகேந்திரன் ஒரு சின்ன அறையில்
ஒரு சின்னக் குப்பியோடு
தாழிட்டு நின்ற அந்த இருபது நிமிடத்துக்கும்
உண்டு.
கண்டுபிடித்த பிறகு இல்லை.

போன மாதம் தெருவில் தண்ணீர் நின்றபோது
நகராட்சி ஆள் வந்தான்,
குழாயைத் திறந்து பார்த்தான்,
வரவில்லை என்று எழுதிக்கொண்டு போனான்.
லாரி வரவே இல்லை.

அவன் ப்ராஸ்பெக்டனில் கார்க் கதவு பொருத்துகிறான்.
அறிக்கையில் இரண்டு மில்லியன் என்று பார்த்ததும்
சிரித்துவிட்டான்:
"ஆயுசில் எனக்கு எதுவும் இரண்டு மில்லியன் இருந்ததில்லை,
அதுவும் போதாதாமா?"
அன்று இரவு முழுக்க
டிவியை நிறுத்தாமல் வைத்திருந்தான்.

குறை அவனிடம்.
ஊசி எனக்கு.
மெரெபாங்க் மண்டபத்தில் நிவேஷ்ணிக்கு வளைகாப்பு;
கடைசி வரிசையில் ஒரு நாற்காலி.
அங்கே உட்கார் என்று யாரும் சொல்லவில்லை,
நானேதான் பார்த்து உட்கார்ந்தேன்.
அவள் கைக்குக் காப்பு.
எனக்குக் காப்பீடு,
மாதம் நாலாயிரத்து இருநூறு ராண்ட்,
சம்பளம் வருமுன்னே பிடித்துக்கொள்கிறார்கள்.

எங்களிடம் தமிழ் கொஞ்சம்தான் மிச்சம்.
சாப்பாடு, சாமி, தீட்டு
இந்த மூன்றுக்கும் போதுமான அளவு.
ஆனாலும் கடிதத்தில் திரும்பத் திரும்ப வந்த
எக்ஸ்க்ளூஷன் என்பதற்கு
நம் சொல் என்ன என்று தேடினேன்.
விலக்கு.
அட, அதுவா.
அதுதான் எனக்கு
மாதம் தவறாமல் வருகிறதே.

"நோக்வாண்டா பேசுகிறேன்.
உறுப்பினர் எண்?"
சொன்னேன்.
முதன்மை உறுப்பினர் கணவரா?
ஆமாம். நான் சார்ந்திருப்பவள்.
அந்தப் பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
அவள் பிரிவு பதினொன்றை வாசித்தாள்,
பழகிய வேகத்தில்,
கமா கூட விடாமல்.
பிறகு விசைப்பலகைச் சத்தம் நின்றது.
குரலைத் தாழ்த்தி,
"எந்த கிளினிக், சிஸி?"
வெஸ்ட்வில்.
"எவ்வளவு கேட்டார்கள்?"
எண்பத்தாறாயிரம், மருந்து தனி.
"எனக்கு நவம்பரில் இரண்டாவது தடவை.
இங்கே வேலை செய்கிறவர்களுக்கும் அதே பிரிவுதான்."
உடனே பழைய குரல்:
இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது,
வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

மேல்முறையீட்டுக்கு எட்டு இலக்கம் தந்தாள்.
பென்சில் கிடைக்காமல்
கடிதத்தின் ஓரத்திலேயே
மஞ்சள் விரலால் கீறிவைத்தேன்.
ஏழா ஒன்றா என்று
இப்போது தெரியவில்லை.

பருப்பு அடிப்பிடித்திருந்தது.
மேலாக மொண்டு ஊற்றினேன்.
குகேந்திரன் சாப்பிட்டபடி கேட்டான்,
"என்ன சொன்னார்கள்?"
முக்கியம் என்றார்கள்.

அவன் கை கழுவிவிட்டு வெளியே போனான்.
தண்ணீர் வந்திருந்தது.
ஹோஸைப் பிடித்து
பக்கியின் சக்கரம் ஒவ்வொன்றையும்,
அடியிலிருந்த சேற்றையும்,
விளக்குக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தையும்
தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.
சனிக்கிழமை
பார்க்க ஆள் வருகிறதாம்.