விரல் வேகம்

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்வரிசையில்
என் கைப்பேசிக் கடை.
உடைந்த திரை மாற்றுகிறேன், டாப்-அப் ஏற்றுகிறேன்,
பாட்டே கேட்காதவர்களுக்கும்
பத்துக் கோடிப் பாட்டு அடங்கிய செயலியை
இறக்கிக் கொடுக்கிறேன்.

கல்லாவுக்கு அடியில் மட்டும்
ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர்.
காயலான் கடை கூ லிப் ஹின்
திரை மாற்றிய கூலிக்குப் பதிலாகத்
தள்ளிவிட்டுப் போனது.
கூடவே ஒன்பது தட்டுகள். எட்டு சீனப் பாட்டு.
ஒன்பதாவதின் நடு வட்டத்தில், நீல மையில்:
எம். சவுரியப்பன், 5-ஆம் டிவிஷன்.
இரவல் வாங்கியவர் திருப்பித் தரவும்.

யாரோ தரவில்லை.
அந்தத் திருட்டுக்கு நன்றி.

கணக்குப் பார்த்தால் நட்டம்தான்.
ஊசி ஒன்று அறுபத்தைந்து வெள்ளி,
அதற்கும் சிரம்பான் வரை போகவேண்டும்.
கடைப் பையன் நோவேந்திரன் சிரிப்பான்:
"அக்கா, இதே பாட்டு போன்ல சும்மா கெடக்கு."
கிடக்கிறது.
சும்மா கிடப்பதை யார் குனிந்து எடுக்கிறார்கள்?

இரண்டாம் பாட்டில் ஒரு கீறல்.
அங்கே வந்ததும் பாடுகிறவள்
"இன்னும்" என்பதை மூன்று முறை சொல்லிவிட்டுத்தான்
அடுத்த அடிக்குத் தாவுவாள்.
கைப்பேசியில் ஒரே முறை.
கஞ்சத்தனமாகப் படுகிறது எனக்கு.

இந்தக் கோடுகளைப் பால்மரத்தில்
கத்தி இழுத்த சாய்கோட்டோடு ஒப்பிட நினைத்தேன்.
பொய். நான் மரம் சீவியதில்லை.
எனக்குத் தெரிந்தது கண்ணாடிக் கீறல்,
தடவினால் விரலில் ரத்தம் வரும்.
தட்டைத் தள்ளினால் பாட்டு வருமென்று
அந்த வியாழக்கிழமை வரை தெரியாது.

அன்று மாலை ஆறே முக்காலுக்கு இடி.
செம்பனை ஆலைப் பக்கம் மின்கம்பம் சாய்ந்ததாம்.
தெருவே அணைந்தது. கோபுரமும் செத்து,
எந்தக் கைப்பேசியிலும் ஒரு கோடு இல்லை.
பாதிப் பாட்டில் தட்டு தளர்ந்து
அவள் கிணற்றுக்குள் இறங்கிப்போனாள்.

ஊருக்குப் பேசப் பணம் போட வந்த
தில்குமார் தமாங்
மழையில் வெளியேற முடியாமல் நின்றான்.
ஆலையில் கொதிகலன் வேலை அவனுக்கு.
கை சும்மா இராமல்
தட்டின் ஓரத்தில் விரல் வைத்துத் தள்ளினான்.
ஊசி இன்னும் கோட்டுக்குள்ளேதான் இருந்தது.

எறும்பு பேசுவதுபோல் ஏதோ கேட்டது.

ஒலிபெருக்கி ஊமை. மின்சாரம் இல்லை.
குனிந்து ஊசியருகே காதை வைத்தேன்.
பாடிக்கொண்டிருந்தாள்,
கொசு அளவுக் குரலில்,
ஆனால் வார்த்தை வார்த்தையாக.

அவன் வேகமாகச் சுற்றினால் குழந்தையானாள்,
மெதுவாக்கினால் எருமை.
இருவரும் சிரித்தோம்.
கையால் சொன்னேன்: குறை, இன்னும் கொஞ்சம்,
ஆ, அங்கேதான்.
தமிழ் தெரியாத ஒரு விரல்
அவள் வயதைச் சரியாகக் கண்டுபிடித்தது,
இரண்டு அடிக்குத்தான். பிறகு நழுவியது.
யார் விரலும் இயந்திரம்போல் ஓடாது.

அப்புறம் நான் சுற்ற, அவன் காது வைத்தான்.
தகரக் கூரையில் மழை கொட்டியது.
எதையோ கேட்டுக் கண்ணை மூடினான்.
"இன்னும்" வந்த இடம் எனக்குக் கேட்கவில்லை,
விரல் நுனியில் மூன்று முறை தட்டியது.

ஏழு நாற்பதுக்கு மின்சாரம்.
விசிறி, குளிர்பெட்டி, தேங்கிக் கிடந்த
நூறு செய்திகள், எல்லாம் ஒரே கூச்சலாய்.
தட்டு தானாகச் சுழன்றது.
அவள் முழுக் குரலில் பாடினாள்.
அடுத்தவர் வீட்டுக் கதவைத் தொட்டுவிட்டவர்கள்போல
கையை எடுத்துக்கொண்டோம்.

பத்து வெள்ளி டாப்-அப் ஏற்றினேன்.
வாசலிலேயே நின்று ஊருக்குப் பேசினான்.
என்ன சொன்னானோ தெரியாது.
கைப்பேசி பிடிக்காத கையின் ஆட்காட்டி விரல்
மழைச்சாரலில் மெதுவாக
வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.