ஆணி அடிக்கக் கூடாது

ஐயாயிரம் வாடகை. முப்பது அட்வான்ஸ்.
நல்லதண்ணி குடம் பதினைந்து ரூபாய், அது உங்கள் பாடு.
மோட்டார் காலையில் ஒரு தடவைதான்.
எல்லாம் சொல்லி முடித்த பிறகும்
வாய் மூடவில்லை:
"சுவரில் ஆணி அடிக்கக் கூடாது."

சொன்ன குரல் என்னுடையது இல்லை.
குராசோ தீவில், மஞ்சள் வர்ணமடித்த வீட்டுப் பின்கட்டில்
ஒன்பது வருஷம் என்னைக் குடிவைத்த
மார்த்தீனா அம்மாளுடையது.

அந்தத் தீவும் நம்ம வேதாளை மாதிரிதான்.
மழை கிடையாது, காற்று ஓயாது.
ஒரே பக்கமாய் முதுகு வளைந்த மரங்கள்.
உடைமரம் என்று நினைத்து
முதல் நாள் கிட்டப் போய் முள்ளைத் தேடினேன்.
வேலியெல்லாம் கள்ளி. கள்ளிக்குள் ஆடு.
குடிக்கிற தண்ணி கடலைக் காய்ச்சி வருவது.

நகைக்கடையில் வேலை.
கப்பல் வரும் நாளில் நின்றபடி சாப்பாடு.
வீடு கேட்டுப் பதினொரு கதவு தட்டினேன்.
போனில் காலியாக இருந்த வீடு
என் முகத்தைப் பார்த்ததும் நிறைந்துவிடும்.
மார்த்தீனா அம்மாள் மட்டும்
பாஸ்போர்ட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்,
மூன்று மாத முன்பணத்தை இரண்டு தடவை எண்ணினாள்.
'ஸ்த்ராஞேரோ' என்றாள். வெளியாள்.
அன்றிலிருந்து அதுதான் என் பெயர்.
தாளிக்கும்போது ஜன்னலைத் திற என்பாள்.
தெருவுக்கு மணம் போனதும், மூடு என்பாள்.
ஆணி மட்டும் எந்த நாளும் கூடாது.
ஒன்பது வருஷக் கீழக்கரைக் காலண்டர்களும்
தரையில் நின்று சுவரில் சாய்ந்தே
தேதி கிழித்தன.

திரும்பும்போது, அடுப்படிச் சுவரின் மஞ்சள் கறைக்கு
நூற்றைம்பது கில்டர் பிடித்துக்கொண்டாள்.
பிடித்த கையாலேயே
வழியில் தின்னச் சொல்லி
தேங்காய் மிட்டாய்ப் பொட்டலமும் தந்தாள்.

இப்போது அமலரூபி நிற்கிறாள், என் மாடிப்படியில்.
"ஓம், முகாம்தான். வெளியில இருக்க அனுமதிக் கடிதம் இருக்கு.
அவர் ஐஸ் கம்பெனியில. ரெண்டு பிள்ளையள்.
சத்தம் போடாதுகள்."
கேட்காததற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள்.
நானும் அப்படி வைத்திருந்தவன்தான்.

வெளிநாட்டவரைக் குடிவைப்பவன்
படிவம் நிரப்ப வேண்டும்.
கம்ப்யூட்டர் சென்டரில் கட்டம் கட்டமாய்க் கேட்டது.
இந்தியாவுக்குள் வந்த தேதி?
"பதினாலு பத்து தொண்ணூத்தொண்டு."
பிறந்த தேதி?
"அதேதான்."
வந்து இறங்கிய இடம்?
"மண்டபம் ஆஸ்பத்திரி."
வந்த மார்க்கம்?
கொஞ்சம் யோசித்தாள்.
"சுகப்பிரசவம் எண்டு போடட்டோ?"
பையன் சிரித்துவிட்டான்.
பிறகு, சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தான்.

வெயிலில் பிடித்துப் பார்க்க
எனக்கு ஒரு பாஸ்போர்ட்டாவது இருந்தது.
இவள் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு அட்டை,
மடித்த இடத்தில் அப்பன் பெயர் அழிந்து போயிருந்தது.

முன்பணத்தை எண்ணினேன்.
சரியாக இருந்தது.
மறுபடியும் எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வந்தது, ஒரே ஆட்டோவில்.
ஒரு சின்னவன் கண்ணாடி விரிந்த சகாயமாதா படத்தை
நெஞ்சோடு அணைத்துப் படியேறினான்.

ராத்திரி, மீன் ஆணம் ஊற்றிப் பிசையும்போது
மேலே டொக் என்றது.
நாச்சியா நிமிர்ந்தாள்.
டொக்.
"அந்தப் புள்ளைகிட்ட நீங்க சொல்லலையா?"
சொன்னேன் என்றேன்.
டொக்.
அப்புறம் காற்று மட்டும்.
தகரம் ஆடியது. தூரத்தில் பாம்பன் பக்கம் ஒரு ரயில்.

சோற்றுக் கை காய்ந்துகொண்டிருக்க
நாலாவது அடிக்குக் காத்திருந்தேன்.
மூன்று அடியில் நிற்காது, தாயி.
கடல்மணல் கலந்த சுவர் இது, உதிரும்.
இன்னும் ஒன்று போடு.