எல்லைக்கோட்டில் ஒரு லக்ஸ்

இரவு பத்தேகால்.
ஸ்டபிள்ஃபீல்டின் டயர் கடைக்கு மேற்கே
கம்பிவேலியை ஒட்டி நிற்கிறேன்.
கையில் ஒளிமானி. இடுப்பில் டார்ச், அணைத்தபடி.
பியெத்ரா ஆல்ட்டா நகராட்சியில்
இருட்டை அளக்க எனக்குச் சம்பளம்.

விதி என்னவோ எளிதுதான்.
எல்லைக்கோட்டில் ஒரு லக்ஸ், அதற்குமேல் ஆகாது.
பக்கத்து மனையில் நிற்பவன் கண்ணில்
பல்பு படக்கூடாது, தரை மட்டும் தெரியலாம்.
மூவாயிரம் கெல்வினைத் தாண்டாத நிறம்,
அதாவது பால் வேண்டாம், தேன் போதும்.
கிறிஸ்துமஸ் சரங்களுக்கு ஜனவரி பதினைந்து வரை மன்னிப்பு.
கொடிக்கம்பத்துக்குத் தனி உட்பிரிவு.
அதை எழுத மூன்று கூட்டம் பிடித்தது,
ஒரு நாற்காலி உடைந்தது.

மானி காட்டுகிறது: நாற்பத்தொன்று.

புகார் தந்தவள் டெல்ஃபினா அர்ச்சுலேட்டா.
மூன்று மணிக்கு அடுப்பு மூட்டும் பேக்கரிக்காரி,
எட்டுக்கே படுப்பவள்.
'பாதிப்பின் தன்மை' என்ற கட்டத்தில்
எல்லோரும் 'தூக்கமில்லை' என்று எழுதுவார்கள்.
அவள் எழுதியிருந்தாள்:
'திரைச்சீலையின் பூக்கள் என் சுவரில் விழுந்து
இரவெல்லாம் ஒரே இடத்தில் நிற்கின்றன.
நிலவாக இருந்தால் நகர்ந்திருக்கும்.'

இதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு:
ஒளி அத்துமீறல்.
ஆடு நுழைந்தால் விரட்டலாம்,
வேர் நுழைந்தால் வெட்டலாம்.

ஸ்டபிள்ஃபீல்ட் கெட்டவர் இல்லை.
இரண்டு முறை அவர் கம்ப்ரஸர் களவு போயிற்று.
'திருடனுக்கு இருட்டு, எனக்கு அபராதமா?' என்றார்.
பதில் சொல்லாமல் கேட்டுக்கு வெளியே அழைத்தேன்.
'கொட்டகையைப் பாருங்கள். அங்கே யார்?'
கண்ணை இடுக்கினார். புருவத்தின்மேல் கையை வைத்தார்.
'ஒருவரும் இல்லையே.'
ஆறடி இரண்டங்குலம், மஞ்சள் சட்டை,
விளக்குக் கம்பத்தடியில் சாய்ந்து
சூயிங்கம் மென்றுகொண்டிருந்தான்
என் உதவியாளன் எமெட் பெகாய்.
அவன் கையை ஆட்டிய பிறகும்
அவர் நம்ப நேரமாயிற்று.

குன்றின்மேல் விளக்கென்றால் உலகத்துக்குப் பெருமை.
எங்கள் ஊரில் அதற்கு நாளொன்றுக்கு நூறு டாலர்.
குடத்துக்குள் விளக்குத்தான் இங்கே
சட்டப்படி விளக்கு.
(என் வீட்டு வாசல் பல்பு நாலாயிரம் கெல்வின்.
யாரும் இன்னும் புகார் தரவில்லை.)

பழைய லாரியின் மட்கார்டை வெட்டி
அவரே மூடி செய்துகொண்டார்.
ஒரு பக்கம் கோணல், துரு,
விளிம்பில் பாதி நம்பர் பிளேட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.
ஒளி இறங்கியது,
கம்ப்ரஸரைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தது,
வேலிக்கு ஒரு முழம் முன்பே நின்றது.

வியாழக்கிழமை மறு அளவை.
வேலிக்கு அந்தப் பக்கம் டெல்ஃபினா,
சால்வையோடு, வெறுங்காலோடு.
மணி பதினொன்றரை.
'தூங்கவில்லையா?' என்றேன்.
'எப்படித் தூங்குவது?' என்று
தலையை மேலே தூக்கினாள்.
எனக்குக் கோப்பு நினைவு. மானியைப் பார்த்தேன்.

பூஜ்யம்.
தட்டிப் பார்த்தேன், பேட்டரி சரி.
மறுபடியும் பூஜ்யம்.
ஆனால் மானியைப் பிடித்திருந்த என் கை தெரிந்தது,
நகங்கள் தெரிந்தன,
நேற்று காகிதம் கிழித்த காயமும் கூட.

எந்த விளக்கு என்று கேட்க
படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.
அதைக் காலியாக விட்டேன்.
கீழே எழுதினேன்:
விதிமீறல் இல்லை.
பேனாவும் தெரிந்தது.