சர்வர் வரும் வரை

பதினொன்றே காலுக்குப் போனது சர்வர்.
புதுவயல் இ-சேவை மையத்தில் என் திரை நடுவே
எட்டுப் புள்ளிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன,
செக்கு மாடு போல.
எண்ணெய்தான் வரக் காணோம்.

பதினாலு டோக்கன் கொடுத்திருக்கிறேன்.
பதினாலு பேருக்கும் இப்போது
கருத்துச் சொல்வதைத் தவிர வேறு வேலையில்லை.

நேற்றைய பேப்பரைப் பிரித்து
"நிலாவுல தண்ணி இருக்காம்" என்று தொடங்கினார் அடைக்கலம்.
"எங்க தெருக் குழாயில பதினோரு நாளா இல்ல"
என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
எந்த ராக்கெட் போனாலும் யாராவது ஒருவர்
இதே குழாயைத் திறந்துவிடுகிறார்.
குழாய்க்கும் கோபம் வேண்டும், சரி,
ஆனால் பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஏன்
அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை?

அப்புறம் பேட்டரி.
காரைக்குடியில் பேட்டரி ஆராய்கிற இடத்துக்கு
மதில் வெள்ளையடித்த சவரிமுத்து
அந்த விஷயத்தில் கடைசி வார்த்தை தனதென்கிறார்.
மின்சார வண்டி வெடிக்கும்.
வெடிக்காது.
வெடித்தாலும் அது வண்டியின் தப்பில்லை,
ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்ட மச்சானின் தப்பு.

"ஏ.ஐ. வந்தா உங்க வேலை போயிரும்க்கா"
என்றான் வருமானச் சான்றுக்கு வந்த கல்லூரிப் பையன்,
துக்கம் விசாரிக்கிற குரலில்.
வரட்டும் தம்பி, என்றேன்,
வந்து முதலில் இந்த சர்வரோடு அது பேசட்டும்.

சாத்தப்பன் மட்டும் சிரிக்கவில்லை.
பள்ளத்தூரில் பூட்டிய ஒரு வீட்டுக்கு
அவர் எழுதி வந்த பங்காளிப் பட்டியல்
அறுபத்து மூன்று புள்ளி.
நான்கு நாடு, ஏழு ஊர்,
ஒருவர் மலேசியாவில் பெயரையே மாற்றிக்கொண்டார்.
இணையப் படிவத்தில் பத்துக் கட்டம்.
"செவ்வாய்க்கு ஆள் அனுப்பப் போறானாம்" என்றார்,
"பதினோராவது பங்காளிய எங்கெ அனுப்புறது?"

பன்னிரண்டே முக்காலுக்கு சர்வர் வந்தது.
கருத்துகள் பாதியில் நின்றன.
நாற்காலிகள் மட்டும் முன்னால் நகர்ந்தன.

டோக்கன் ஒன்பது, பொன்னழகி.
அரிசி ஆலையில் அவியல் களம்.
இறந்த கணவரின் பென்ஷன் வர
ஆண்டுக்கு ஒரு தரம்
தான் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும்.
இத்தனை நேரம் நிலாவைப் பற்றியோ
பேட்டரியைப் பற்றியோ வாய் திறக்காதவர்.

வலது கட்டைவிரல். பொருந்தவில்லை.
துடைத்து மறுபடி. பொருந்தவில்லை.
ஆவி பறக்கும் நெல்லை இருபது வருஷம் கிளறிய விரலில்
ரேகை எங்கே மிச்சமிருக்கும்.

உடனே பதிமூன்று பேரும் விஞ்ஞானிகள்.
தலைமுடியில் தேய்க்கச் சொன்னார் ஒருவர்.
தேங்காயெண்ணெய் என்றார் இன்னொருவர்,
எண்ணெய் கூடவே கூடாது, ஈரத்துணி,
கண்ணாடியைத் துடை, ஃபேனை நிறுத்து,
மூச்சை அடக்கு.
ஃபேனை நிறுத்தினோம். வேர்த்ததுதான் மிச்சம்.

பொன்னழகி என்னைப் பார்த்துச் சொன்னார்:
"இருக்கேனா இல்லையான்னு
வெரசாச் சொல்லச் சொல்லு ஆத்தா.
ரெண்டு மணி ஷிப்டு எனக்கு."

யாரும் சிரிக்கவில்லை.
சவரிமுத்து பேப்பரை மடித்தார்.

இடது கை மோதிர விரலில்
பச்சை விளக்கு எரிந்தது.
ஏன் அந்த விரல்?
குளிர்ச்சி என்றார் அடைக்கலம்,
நிகழ்தகவு என்றான் பையன்,
மோதிரமே போடாத விரல், அதனால் தேயவில்லை
என்றார் ஒருவர்.
அச்சடித்த தாளை
நாலாக மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு
பொன்னழகி ஷேர் ஆட்டோவுக்கு ஓடினார்.

ஏனென்று எனக்கும் தெரியாது.
அடுத்த வருஷம் இதே விரல் போதுமா என்றும்.
மேசைக் காலண்டரில்
"பொன்னழகி, இடது மோதிரம்" என்று
பென்சிலில் குறித்துக்கொண்டேன்.

டோக்கன் பத்து, என்றேன்.
சாத்தப்பன் எழுந்தார்,
பட்டியலோடு.