‘ஆறு’ வந்தால் நீர்வளம்

நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் பழைய செய்திகள்.
எதற்கும் வகை இல்லை.
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றாள் நந்திதா,
லேப்டாப்பை மூடிக்கொண்டே.

எழுதினேன்.
‘மழை’ வந்தால் வானிலை
‘ரன்’ வந்தால் விளையாட்டு
‘ஆறு’ வந்தால் நீர்வளம்
இப்படி நூற்றுப் பதினான்கு வரி.
இறங்கிப்போய் ஒரு டீ குடித்து
மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு
மேலே வருவதற்குள்
முடித்துவிட்டிருந்தது.

லாரி மோதி ஆறு பேர் பலி: நீர்வளம்.
பலியானோர் வீட்டில் அமைச்சர் ஆறுதல்:
அதுவும் நீர்வளம்.
சந்தைக்குப் போன சகோதரன் மாயம்: விளையாட்டு.
வேட்பாளர் வாக்குறுதி மழை: வானிலை
(இதை மட்டும் மாற்ற மனம் வரவில்லை).

சுஹாஸுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.
விளக்கிச் சொன்னேன்.
“எங்களுக்கு ஆறு என்றால் எண்தான்,
ஓடுகிறது ஹொளெ” என்றான்.
கன்னடத்தில் பிழைத்திருப்பார்கள்
அந்த ஆறு பேரும்.

சாயங்காலம் லிங்கராஜபுரத்தில் வீடு பார்க்கப் போனேன்.
இரண்டாவது மாடி, கிழக்குப் பார்த்த ஜன்னல்,
காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
பெயர் கேட்டார்.
இளவேனில்.
நல்ல பேரும்மா என்றார், சாவியைக் கையில் உருட்டியபடி.
அப்பா பேரு?
சவரிமுத்து.
சாவி பைக்குள் போய்விட்டது.
தம்பி மகன் ஒருத்தன் மைசூரிலிருந்து வருகிறானாம்,
மறந்தே போச்சாம்.

என் நிரலாவது
செய்தி முழுவதையும் படித்தது.

ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன்.
சொல்லுக்கு முன்னும் பின்னும் இடம் விடு.
‘ஆறு’க்குப் பக்கத்தில்
பேர், மணி, ரூபாய் இருந்தால் தள்ளிப் போ.
ஒற்றைச் சொல்லை நம்பாதே,
மூன்றாவது இருக்கட்டும்.
இரண்டு மணிக்கு
ஒன்றே ஒன்று மிச்சம்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் கிடைத்த கறுப்புக் குடை.
கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது.

மழை என்ற சொல் அதில் இல்லை.
ரயில் இல்லை, குற்றம் இல்லை.
கட்டம் ஏன் காலி என்று காலையில் நந்திதா கேட்பாள்.
கடைசி வரியைக் காட்டலாம் என்றிருக்கிறேன்:
உரியவர் வந்து
அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்.