பரிசு, விற்பனை, மாதிரி

நான்கு குளிர்காலம் உட்கார்ந்து செய்த விளையாட்டு.
உறைந்த ஏரியை ஒரு பெண் நடந்து கடக்க வேண்டும்,
கோலால் பனியைத் தட்டி,
சத்தத்தைக் கேட்டு, அடுத்த அடி.
சுடுவதற்கு யாரும் இல்லை அதில்.
மதிப்பெண்கூட இல்லை.

வெளியிட்ட வாரம் பதினாறு பேர் வாங்கினார்கள்.
இருவர் தொமந்தாஸின் அத்தைகள்,
ஒருத்தியிடம் கணினியே கிடையாது.

"பரிசு வைப்போம், ருகிலே" என்றான்.
கௌனாஸில் பிப்ரவரி.
ஒரு அறைக்கு மட்டும் ஹீட்டர்.
மறுநாள் செல்லோவோடு கிளம்பிப் போனவன்
கிராபிக்ஸ் கார்டோடு திரும்பினான்.
மூன்று விசிறி, புறா நிறப் பெட்டி.
எங்கள் ஏரியை ஓட்ட
அதில் கால்வாசிகூடத் தேவையில்லை.
அதை மேசையில் வைத்துவிட்டு
பழைய கார்டிலேயே வேலையைத் தொடர்ந்தோம்.

விதிகளை எழுதியது நான்.
விருப்பப் பட்டியலில் சேர்த்தால் ஒரு சீட்டு.
நண்பரை அழைத்துவந்தால் ஐந்து.
விளையாடிப் பார்த்தால், என்றும் ஒரு வரி இருந்தது.
சிக்கலாக்காதே என்று அவன் அடித்துவிட்டான்.
இல்லை. நான்தான் அடித்தேன்.

முதல் இரவு முந்நூறு.
ஞாயிறன்று நாங்கள் போட்ட கூச்சலில்
கீழ்வீட்டு கெனோவைத்தே
துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தாள்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு!
அம்மாவை அழைத்து எண்ணை மட்டும் சொன்னேன்,
எதன் எண் என்று சொல்லவில்லை.

குடமும் இல்லை, ஓலையும் இல்லை,
கைவிட்டு எடுக்க ஒரு குழந்தையும் இல்லை.
மூன்று வரி நிரல் ஒரு பெயரைத் துப்பியது:
வேட்டைக்காரன் நாற்பத்தொன்று.
பட்டியலில் தேடினோம்.
நாற்பது இருந்தான். நாற்பத்திரண்டும் இருந்தான்.
ஒருவருக்கொருவர் நண்பர்களாம்.
நீக்கிவிடலாமா?
விதியில் அதற்கு வரி இல்லை.

அஞ்சலகத்தில், சஸ்கட்டூனுக்கு என்றேன்.
சுங்கப் படிவம் வந்தது. மூன்று கட்டம்:
பரிசு, விற்பனை, மாதிரி.
ஒன்றில் மட்டும் குறியிடுக.
பரிசென்றால் ஆளைத் தெரிந்திருக்க வேண்டாமா?
விற்பனையென்றால் ஏதாவது வந்திருக்க வேண்டாமா?
மாதிரி,
எதற்கு?
பின்னால் நின்றவர் இருமினார்.
"மதிப்பு?" என்றாள் கவுன்ட்டர்க்காரி.
ஒரு செல்லோ என்று வாய்வரை வந்தது.
அஞ்சல் செலவு மட்டும் நாற்பத்தேழு யூரோ.

பந்தி முடிந்த பந்தலாக
ஒரே வாரத்தில் பட்டியல் காலி.
இருநூற்று ஒன்பது பேர் மிச்சம்.
அதிலும் முப்பத்தொரு வேட்டைக்காரர்கள்,
விலக மறந்துபோனவர்கள்.
புறா நிறப் பெட்டி, உறை பிரிக்காமல்,
விற்பனைக்கு வந்திருந்ததைத் தொமந்தாஸ் பார்த்தான்.
விலையைச் சொன்னான். வேறெதுவும் சொல்லவில்லை.

மார்ச் முதல் தேதி ஒரு கடிதம்.
இனாரியிலிருந்து, மாரெத் என்று ஒருத்தி.
"உங்கள் ஏரியில் பதினோரு முறை மூழ்கினேன்.
தவறு என்னுடையது அல்ல.
மெல்லிய பனி கீச்சென்று உயரத்தில் கத்தும்,
தடித்தது அடித்தொண்டையில் முனகும்.
நீங்கள் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள்.
பரிசுக் குலுக்கலில் என்னைச் சேர்க்க வேண்டாம்,
அந்தக் கார்டு என் கணினிக்குள் நுழையாது."

இரண்டு முறை படித்தோம்.
அந்தச் சத்தங்களைச் சமையலறையில் செய்திருந்தோம்,
ஒரு கண்ணாடித் தட்டும் கரண்டியும்.
நாலாயிரம் பேரில் ஒருவர்கூட
அந்தப் பனிமேல் கால் வைக்கவில்லை,
வைத்திருந்தால் மூழ்கியிருப்பார்கள்.

கடைசிப் பேருந்தில் நீர்த்தேக்கத்துக்குப் போனோம்.
மைக்கைக் கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து
கரையோரம் தட்டினேன். கீச்.
இன்னும் பத்தடி.
அடியில் எங்கோ நீளமாய் ஒன்று முனகி
எதிர்க்கரை வரை போயிற்று.
செல்லோவை விற்றவன்
பனிமேல் படுத்துக் காதை வைத்தான்,
அந்தச் சுருதியை முணுமுணுத்துப் பார்த்தான்.
"இல்லை, இன்னும் கொஞ்சம் கீழே."

எழுந்திரு, கன்னம் ஒட்டிக்கொள்ளும் என்றேன்.

"இரு" என்றான். "மறுபடி தட்டு."